பிடியரிசி போன வழி

ரயில் மீஞ்சூரில் நின்றிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் என் சிநேகிதி. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து, நான் கும்மிடிப்பூண்டியில் ஏறி வரும் அதே ரயிலில், அதே மகளிர் பெட்டியில் ஏறுவாள். இருவருக்கும் சென்னையில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவள் வாப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

"எல்லா ஊட்டு அரிசியையும் ஒரே டிரம்முலயா கொட்டுவீங்கோ?"

"ஆமா."

"அப்புறம் அத எப்டிடி ஒல வெப்பாங்கோ?"

அதை நான் யோசித்ததே இல்லை. அதுவரை வாய் ஓயாமல் பெருமையடித்துக்கொண்டு வந்தவள் நான்.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடியைத் தனியே ஒரு டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறன்று டப்பாவைக் கொண்டுவந்து சபை வாசலில் இருக்கும் நீல டிரம்மில் கொட்ட வேண்டும். அது ஆர்.கே.பேட்டைப் பக்கம் உள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போகும். இடையில் நின்றுபோன வழக்கம்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வாலிபர் கூட்டத்தில் எழுந்து, மறுபடி தொடங்கலாம் என்று கத்தியவள் நான். பாஸ்டர் ஐயா என் தலையில் கைவைத்து ஜெபித்தார். பழைய பால்பவுடர் டப்பாக்களுக்குக் கலர் பேப்பர் ஒட்டி, சைக்கிளில் வீடு வீடாய்ப் போய், "யக்கா, உங்க ஒரு பிடியில ஒரு புள்ள சாப்புடும்" என்று சொல்லிக் கொடுத்துவந்தேன்.

சிநேகிதி விடவில்லை. "பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன், பொன்னி எல்லாம் ஒண்ணாப் போட்டா, ஒண்ணு கொழஞ்சி கூழாப்பூடும், ஒண்ணு வெறச்சிக்கினு நிக்கும். எங்க கடையில ரெண்டு மூட்டை கலந்துடுச்சின்னா வாப்பா தலையில கைவெச்சிக்குவாரு. அத மாவு அரைக்கத்தான் குடுக்கணும்."

"எங்க சபைய கிண்டல் பண்றியா?"

"ஐயே, இன்னாடி நீ! எங்க ஊட்டுக் கதைய மொதல்ல சொல்லிட்டுத்தானே கேட்டேன்?"

உண்மைதான். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. அடுத்தவள் சாமியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவேண்டுமானால், முதலில் தன் வீட்டுக் குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று அவள் சொன்னது ஜக்காத்துச் சேலைக் கதை. ரம்ஜான் மாதத்தில் ஏழைகளுக்குக் கொடுக்கவென்றே கடைகளில் ஒரு மலிவு ரகம் விற்பார்களாம். அவள் மாமி வருஷா வருஷம் அதைத்தான் கட்டாக வாங்குவாள். "ஒரு தோய்ப்புல சாயம் பூடும். ஆனா குடுத்தாச்சி பாரு, மாமி நிம்மதியா தூங்கிடும்" என்று அவள் சொன்னபோது சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

சென்ட்ரல் வந்தது. இறங்கும்போது ஒன்று தோன்றியது. டிரம் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால் என்ன?

சந்தேகத்தில் தோன்றியதில்லை அது. இல்லத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்துவந்து இவள் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசி ஞாயிறுக்கு மறுநாள் கல்லூரிக்கு மட்டம் போட்டேன். காலை பத்து மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து டிரம்மை ஏற்றிக்கொண்டது. சைக்கிளில் பின்னால் போனேன். ஆர்.கே.பேட்டைக்கு எங்கே போகிறது? சிப்காட் போகும் ரோட்டில் திரும்பி, ஒரு மாவுக்கடை வாசலில் நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த கடை. ஞாயிறு சாயங்காலம் அம்மா எவர்சில்வர் தூக்கைக் கொடுத்து என்னை அனுப்புவது அங்கேதான்.

கடைக்கார அக்கா டிரம்முக்குள் கைவிட்டு அளைந்துகொண்டே சிரித்தாள். "இன்னா பாப்பா, சபை அரிசிய பாக்க வந்தியா? மாசா மாசம் வந்துருது. ரேஷன் கலந்துக்கினா இட்லி பூ மாதிரி வரும். கம்பெனி மெஸ்ஸுக்கெல்லாம் இதான்." அவளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்குகிறாள்.

சரி, சேர்ந்து வேகாத அரிசியை விற்று, பணமாக இல்லத்துக்கு அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபடியே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு ரூபாய் போனில் காசு போட்டேன். சபையின் பழைய நோட்டீஸில் இல்லத்தின் நம்பர் இருந்தது. எடுத்த அம்மா பொறுமையாகப் பேசினார்.

"கும்மிடிப்பூண்டியா? ஆமாம்மா, அரிசி வரும். சுனாமிக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. பாஸ்டர் நல்லா இருக்காரா? விசாரிச்சேன்னு சொல்லும்மா."

அரிசி நின்றுபோன பிறகும் அன்பாக விசாரித்த அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உட்கார வைத்தது.

பாஸ்டர் ஐயா வீட்டுக்கு அன்றைக்கே போனேன். டீ வந்தது. அரிசி விற்பதைத் தயங்காமல் ஒத்துக்கொண்டார். வண்டி வாடகை கட்டுப்படியாகவில்லையாம்.

"வித்த பணம் இல்லத்துக்குப் போவுதா ஐயா?"

"காம்பவுண்டு சுவரு யாரு கட்டுனது? ஸ்பீக்கர் எப்டி வந்துச்சி? எல்லாம் கர்த்தரு காரியந்தானம்மா."

"புள்ளைங்களுக்குன்னுதானே ஐயா நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்? நீங்களும் தலையாட்டினீங்களே."

அவர் டீயை என் பக்கம் நகர்த்திவைத்தார். குரல் உயரவில்லை. "இது உன் கேள்வியா, ரயில்ல கூட வர்ற அந்த பாய் ஊட்டுப் பொண்ணு கேக்கச் சொன்னதா?"

டீயைக் குடிக்காமல் எழுந்துவந்தேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் 'அந்நிய சகவாசம்' என்று ஒரு வார்த்தை மூன்று முறை வந்தது. எப்போதும் திரும்பிச் சிரிக்கும் என் முன்வரிசைக்காரிகள் அன்று திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு யாரைப் பற்றி என்று தெரிய அதுவே போதுமாயிருந்தது.

இதைச் சிநேகிதியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். சுனாமி வந்த மறுநாள் வேன் நிறைய எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனவர் இதே பாஸ்டர் ஐயாதான். அவள் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அன்னிக்கு சோறு போடறப்போ பாய் ஊடான்னு கேக்கலியே அவரு" என்றாள்.

மிச்சமிருந்தது அம்மா. அப்பா வேலைபார்க்கும் ரோலிங் மில் போன வருஷம் மூன்று மாதம் மூடிக்கிடந்தது. அப்போதும் அம்மா பிடியை நிறுத்தவில்லை. "அங்க புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்" என்பாள். எங்கள் தட்டு குறையவில்லை. குறைந்தது யார் தட்டு என்று அன்று நான் பார்க்கவில்லை. இப்போது தெரிகிறது. அந்தப் பிடி மாவாகி, காசு கொடுத்து நான் வாங்கிவந்த தூக்கில் எங்கள் வீட்டுக்கே இட்லியாய் வந்திருக்கிறது.

சொன்னேன். அம்மா அரிசி அளந்துகொண்டிருந்தாள். பழக்கத்தில் கை ஒரு பிடி எடுத்து டப்பா மேலே போய் நின்றது.

"அங்க போவவே இல்லியா? ஒரு மாசங்கூட?"

"இல்லம்மா."

"நீதானடி சொன்னே."

அவ்வளவுதான் கேட்டாள். பாஸ்டரை ஒரு சொல் சொல்லவில்லை. பிடியை உலைப் பானையில் போட்டுவிட்டாள். நான் ஏமாந்தவள் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் கணக்கில், ஏமாற்றிய கை என்னுடையதும்தான்.

நாலு நாள் கழித்துப் பார்த்தால் டப்பாவில் மறுபடி அரிசி இருந்தது. "கர்த்தருக்குன்னு எடுத்து வெச்சதுடி. நிறுத்த மாட்டேன். ஆனா அந்த டிரம்முல கொட்டாத" என்றாள் அம்மா.

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும், டப்பா கொடுத்த எல்லா வீட்டுக்கும் அதே சைக்கிளில் போகப்போகிறேன். பாஸ்டரைத் திட்டப் போவதில்லை. மாவுக்கடை, போனில் கேட்டது, நான் சொன்னது பொய்யாய்ப் போனது, இந்த மூன்றையும் சொல்லவேண்டும். பிறகும் தர மனமிருந்தால் ரேஷன் புழுங்கலரிசி மட்டும் தரச்சொல்ல வேண்டும், கலக்காமல். கதவைச் சாத்துகிறவர்கள் சாத்தட்டும். சேர்வது ஒரு பையானாலும் அடுத்த சனிக்கிழமை திருவள்ளூர் போய் பஸ் மாறி ஆர்.கே.பேட்டைக்கு நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.

சிநேகிதியும் வருகிறாள். இல்லத்து வாசல் வரைக்கும்தானாம். "உள்ள நீயே போய் சொல்லு. அது உன் ஊட்டுக் கதை" என்கிறாள்.