பாவ்லோவின் அம்மா பார்க்காத ஆட்டம்

ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் பச்சை கார்ப்பெட் விரித்தால் ஒரு வாசனை வரும். நனைந்த ரப்பர் வாசனை. அடியில் ஐஸ் அப்படியே இருக்கும். அதன் மேல் பலகை, பலகைக்கு மேல் கார்ப்பெட். பெஞ்சில் உட்கார்ந்தால் பாதம் வழியாகக் குளிர் ஏறிக்கொண்டே இருக்கும்...

தொண்ணூறுகளின் நடுவில் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இதை உங்களில் யாருக்கும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எடிசனில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்ட். நான் பிசியோதெரபிஸ்டாக இருந்த கிளினிக்தான் ஒரு புரொபஷனல் இண்டோர் சாக்கர் டீமைப் பார்த்துக்கொண்டது. அந்த ஹாக்கி அரங்கத்துக்குள் கார்ப்பெட் போட்டு ஆடும் கால்பந்து, பக்கத்துக்கு ஆறு பேர். சுற்றிலும் தடுப்புப் பலகை, பந்து அதில் மோதித் திரும்பி வரும். விழுந்தால் கார்ப்பெட் தோலை உரித்துவிடும்.

பாவ்லோ அந்த டீமின் டிஃபெண்டர். பிரேசில்காரர், முப்பத்து மூன்று வயது. முட்டியில் லிகமெண்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. எட்டு மாதம், வாரம் மூன்று நாள், என்னிடம்தான் வந்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

சீசன் பாதி தாண்டியபோது ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்தார். மூன்று வாரத்துக்கு. துணி தைத்துப் பிள்ளையை வளர்த்தவர். பிள்ளை சம்பளத்துக்குப் பந்து ஆடுகிறான் என்று தெரியும், ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆங்கிலம் ஒரு வார்த்தை வராது. கிளினிக்கின் மூலை நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, மகன் பயிற்சி செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

களத்துக்குத் திரும்ப ஒரு டெஸ்ட் உண்டு. ஒற்றைக் காலில் தாவ வேண்டும். ஆபரேஷன் ஆன கால், நல்ல கால் தாவும் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது தாவ வேண்டும். அம்மா கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பாவ்லோ தாவினார்.

எண்பத்தாறு.

மறுநாள் ஹோம் மேட்ச். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபிளைட். பாவ்லோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் போதும், டாக்டர். அம்மா பாக்கணும், அவ்வளவுதான்."

முடியாது என்றேன். அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாக ஆடலாம், ஒரு வாரம்தானே என்றேன். அவர் வாதாடவில்லை. அம்மாவிடம் போய் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். என் வார்த்தையை நம்பி டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள்.

புதன்கிழமை பாவ்லோ மறுபடி தாவினார். தொண்ணூற்றொன்று. டேப்பை இரண்டு முறை வைத்து அளந்தேன். அம்மா எழுந்து நின்று கை தட்டினார். ஆடலாம் என்ற கிளியரன்ஸ் ஃபார்மில் கையெழுத்துப் போட்டு பாவ்லோ கையிலேயே கொடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்து டீம் மேனேஜரிடமிருந்து போன். லீக்கில் இரண்டு டீம் நடத்த முடியாமல் விலகிவிட்டதாம். மிச்ச சீசன் மொத்தமும் கேன்சல். சனிக்கிழமை மேட்ச் கிடையாது. இனி எந்த மேட்சும் கிடையாது...

பாவ்லோ அப்போது குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். நிமிராமலே கேட்டுக்கொண்டார். ஒரு காலுக்குக் கட்டி முடித்துவிட்டு அடுத்த காலுக்கும் கட்டினார். பிறகு அம்மாவிடம் அவர்கள் மொழியில் சொன்னார்.

அந்த அம்மா என் பக்கம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிறைய பேசினார். பாவ்லோ சுருக்கமாக எடுத்துச் சொன்னார்.

"அவங்க பிள்ளை காலைப் பத்திரமா பாத்துக்கிட்டீங்களாம். நன்றி சொல்றாங்க."

அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. கணவர் ஸ்டீபன் பிரெட் டோஸ்ட் பண்ணிக் கொடுத்தார்.

"நீ ரூல்படிதானே பண்ண. லீக்கை மூடுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அது சரிதான். ஆனால் அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. என் கிரீன் கார்டுக்கு அப்போதுதான் கிளினிக் அப்ளை பண்ணியிருந்தது. பாவ்லோ விழுந்து முட்டி மறுபடி கிழிந்தால், ஆட விட்டது யார் என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை முடியாது என்றபோது எனக்குள் இருந்தது அவர் முட்டி மட்டும் இல்லை...

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை.

அந்த லீக் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பாவ்லோ டெக்சாஸுக்குப் போய், சொந்தக்காரரோடு டைல்ஸ் ஒட்டும் வேலையில் சேர்ந்தார். இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கார்டு வந்தது. நாள் முழுக்க மண்டி போட்டு வேலை செய்கிறேன், முட்டி வலியே இல்லை என்று ஒன்றில் எழுதியிருந்தார். அம்மா மறுபடி அமெரிக்கா வரவில்லை என்றும் எழுதியிருந்தார். மூன்றாவது வருடம் கார்டு வரவில்லை.

இப்போது என்றால் ஊரில் இருக்கும் அம்மா போனிலேயே மகன் ஆடுவதைப் பார்த்துவிடுவார். என் பேஷண்டுகளின் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. அன்று நேரில் வந்தால்தான் உண்டு. அந்த அம்மா நேரிலும் வந்தார்...

என் மகளும் பிசியோதெரபிதான் படிக்கிறாள். போன வாரம் காரில் போகும்போது இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட் யூ டிட் த ரைட் திங், அம்மா. ரைட்?" என்றாள்.

"ரைட்தான்மா" என்றேன்.

சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.