பன்னீர் கண்ட டயர்

அறுபதுகளில் என் கல்யாணத்தன்று, ஏழு பேர் ஏறிய பெரிய கார் பம்பாய் தாராவியில் பஞ்சரானது. செம்பூர் கோயிலில் முகூர்த்தம் நெருங்கியது. தலை குனிந்தே இருந்த நான், பஞ்சர் ஒட்டிய பாயின் கிரீஸ் படிந்த விரல்களை மட்டுமே பார்த்தேன்.

சக்கரத்தை மாட்டி எங்களை ஏறச் சொன்னார். "கனத்த வண்டி, பின் டயருக்குக் காத்து கூட வேணும்" என்று காற்றடித்தார். வால்வு கசிகிறதா என்று எச்சில் தொட்டுவைத்துப் பார்ப்பது பஞ்சர் ஒட்டுபவர்கள் வழக்கம். அவர் வைக்கவில்லை.

"எச்சியத் தொட்டு வையும் பாய், நேரமாவுது" என்றார் மாமா.

"பொண்ணு போற வண்டிக்கு எச்சி வைக்க மாட்டேன் அண்ணாச்சி. தொட்டித் தண்ணியும் அழுக்கு. நல்ல தண்ணி இருக்கா?"

ஒருவரிடமும் இல்லை. யாரையும் கேட்காமல், மடியிலிருந்த பன்னீர்ச் செம்பை ஜன்னல் வழியே நீட்டினேன். வால்வில் ஒரு சொட்டு விட்டார், குமிழி வரவில்லை; கசிவில்லை.

"நல்லபடியாப் போ தாயி."

முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். என் கல்யாணத்தில் முதல் பன்னீர் அந்த டயருக்குத்தான் என்று இன்றும் பெருமையாகச் சொல்வேன்.