விருந்தாளி வந்தால் இறங்கும் கார்

மும்பை மாட்டுங்காவில் பழைய பொம்மைக் கடைக்காரர் ஒரு சிவப்புத் தகரக் காரை என் பேரனிடம் காட்டினார். "அசல் டப்பா இருக்கணும், சாவி இருக்கணும், பெயிண்ட் உரியக் கூடாது. புள்ளைங்க கையே படாம இருந்தாத்தான் டாப் விலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபதுகளில் எங்கள் தாராவி வீட்டிலும் அதே சிவப்புக் கார் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா வாங்கி வந்தது. அம்மா அதை டப்பாவோடு பரணில் ஏற்றிவிட்டாள். விருந்தாளி வந்தால்தான் இறங்கும். எங்கள் பத்தடி அறைக்கு யார் வருவார்கள்? குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டுச் சுடலை மாமாவை விருந்தாளியாக வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தண்ணி நின்னுரும், விடுலே!"

வாசலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, தெருவுக்குப் போயிட்டு விருந்தாளியா வா."

ஓடிப்போய்த் திரும்பி வந்து கதவைத் தட்டினேன்.

"வாங்க அண்ணாச்சி! ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தான். கார் எங்க?"

டப்பா இறங்கியது. வெளியே தோல் கிடங்கு நாற்றம். டப்பாவுக்குள் புதுப் பெயிண்ட் வாசனை. அம்மாவே சாவி கொடுத்தாள். கிர்ரென்று பாய்ந்த கார் நேரே அம்மிக்கல்லில் மோதியது. மூக்கில் பெயிண்ட் உரிந்துவிட்டது. நான் பயந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போனாப் போவுது. இந்தத் தடவ நீங்க சாவி குடுங்க அண்ணாச்சி!"