கூழை யாரும் சாப்பிடுவதில்லை

குறிஞ்சிப்பாடி நிறுத்தத்தில் பேருந்து நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பக்கத்து இருக்கையில் மடியில் தறி நூல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், என் அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். பல் ஆபரேஷனுக்குக் கடலூர் போனோம், காலையில் கூழ் குடித்திருந்ததால் மயக்க ஊசி போட முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே எரிச்சலாக இருந்தது.

"கூழுதான? அதுல என்னா இருக்குது?" என்றார் அவர். "எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணசொல்ல நான் காபி குடுத்துதான் இட்டுக்கினு போனேன். சாப்புடக்கூடாதுன்னுதான சொன்னாங்க."

"அதையேதான் நானும் சொன்னேன்" என்றாள் அம்மா, ஒரு பக்க உதட்டால்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. பேருந்திலிருந்து இறங்கி நடந்தே போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் வண்டி கிளம்பி வடலூர் பக்கம் திரும்புவதற்குள், அவர்கள் சொல்வது சரிதான் என்று எனக்கே பட்டுவிட்டது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. பையில் மடித்து வைத்திருந்த கிளினிக்கின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எட்டு வரி. கடைசியில் தமிழில் ஒரு வரி: 'சிகிச்சை நாளன்று காலை உணவு உட்கொள்ளக் கூடாது.' உட்கொள்வதாம். எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் யாராவது எதையாவது உட்கொண்டிருக்கிறார்களா? இந்தச் சீட்டை நானே புதிதாக எழுதுவேன், எழுதி அவர்கள் மேசையிலேயே கொண்டுபோய் வைப்பேன் என்று முடிவு செய்தேன்.

நடந்தது இதுதான். அம்மாவின் கீழ்த்தாடையில் கடைசிப் பல் நேராக முளைக்காமல் எலும்புக்குள் படுத்துக் கிடக்கிறது. அடியில் சீழ் கட்டிவிட்டது. பத்து நாளாக வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. எலும்பைக் கொஞ்சம் வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஈறில் போடும் மரப்பு ஊசி மட்டும் போதாது, கை நரம்பில் மருந்து ஏற்றி அரைத் தூக்கத்தில் வைத்துச் செய்யலாம் என்று கடலூரில் பல் டாக்டர் சொன்னார். அந்த மருந்தைக் கொடுக்கும் டாக்டர் வேறு ஒருவர். வியாழக்கிழமை மட்டும் வருவார், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

எனக்கு அவ்வளவு போதும். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஃபோனில் டேட்டா இப்போதுதான் மலிவாகக் கிடைக்கிறது. திங்கள் முதல் புதன் வரை வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நரம்பு வழி மயக்கத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். விரலில் மாட்டும் கருவி நகத்தின் வழியாகத்தான் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் என்று அம்மாவின் நகப்பூச்சைத் துடைத்தேன். கை தளர்வான ரவிக்கை எடுத்து வைத்தேன். நகை எதுவும் இருக்கக் கூடாது என்று மூக்குத்தியோடு சோப்புப் போட்டு அரை மணி நேரம் போராடினேன்.

"ஆபரேஷன் பல்லுக்கா, மூக்குக்கா?" என்று கேட்டாள் அம்மா.

மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அதனால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதையும் படித்தேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டில்தான் போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு முதல் ஷிப்ட். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. ஐந்தரை மணிக்குக் கிளம்பும் முன் கேழ்வரகுக் கூழைக் கட்டியில்லாமல் கரைத்து, அம்மாவுக்கு ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கிளினிக்கில் அம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டிப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் புறங்கையில் நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டே கேட்டார்.

"காலையில ஏதாச்சும் சாப்ட்டீங்களாம்மா?"

"இல்லைங்க."

"தண்ணி?"

"தண்ணியெல்லாம் குடிக்கலைங்க. கூழு ஒரு சொம்புதான்."

நர்ஸின் விரல் நின்றுவிட்டது. "சாப்பிடலன்னு சொன்னீங்க?"

"எங்கம்மா சாப்ட்டேன்? பத்து நாளா எனக்குச் சோறு ஏது? கூழும் கஞ்சியும் குடிச்சிக்கினு கெடக்கிறேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. இரண்டாவது கேள்வியை நர்ஸ் கேட்காமல் விட்டிருந்தால், உண்மையை மட்டுமே சொல்லிக்கொண்டு வயிறு நிறையக் கூழோடு தூங்கியிருப்பாள். கூழ் செரிக்க ஆறு மணி நேரம் வேண்டும், அதன் பிறகு தொடங்கி முடிப்பதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார், அடுத்த வியாழன் வாருங்கள் என்றார்கள். நான் வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"நாங்க தெளிவாத்தான சொன்னோம்? படிச்ச பொண்ணு கூட வர்றீங்க, இதைப் பாத்துக்க மாட்டீங்களா?"

"சாப்பிடாதீங்கன்னுதான் சொன்னீங்க."

"அப்போ கூழு சாப்பாடு இல்லையா?"

"கூழை யாருங்க சாப்பிடுறாங்க? குடிப்பாங்க."

"நல்லாப் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பல் டாக்டர் மட்டும் வெளியே வந்து மாத்திரையை மாற்றி எழுதினார். அம்மாவின் தாடை விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். "வீக்கம் இதுக்குக் கீழ கழுத்துக்கு இறங்கினா, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா, வியாழக்கிழமைக்குன்னு காத்திருக்காதீங்க. அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." வீட்டுக்கு வந்ததும் வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மணிக்கொரு தடவை அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். ஒரு சொம்புக் கூழுக்காக ஒரு வாரம்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ஏன் திரும்பி வந்துட்டீங்க?"

"நீங்க குடுத்த கூழுனாலதான்."

"பத்து நாளா சோறு எறங்காத ஆளு. வெறும் வயித்துல மயக்க ஊசி போட்டா தாங்குமான்னுதான் குடுத்தேன்."

"வெறும் வயித்துலதாம்ப்பா போடணும். உள்ள இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழமையே தெரியும்."

"கூழு குடுத்தது வியாழக்கெழம." தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மூக்குத்தியில சோப்புப் போடத் தெரிஞ்சுது. இதை ஒரு வார்த்தை சொல்லத் தெரியல."

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்சம் ஓங்கியே சாத்தினேன். கிளினிக்கின் மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேல்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. புரிந்ததால் குறைந்துவிடவில்லை.

சீட்டை எழுத உட்கார்ந்தேன். 'சாப்பிடக் கூடாது' என்று எழுதி அடித்தேன். சோறு சாப்பிடுகிறோம். காபி, கூழ், கஞ்சி குடிக்கிறோம். வெற்றிலை போடுகிறோம். மிட்டாய் சப்புகிறோம். ஊறுகாய் நக்குகிறோம். நம் வாய்க்கு இத்தனை வேலை இருக்கும்போது இவர்கள் ஒன்றை மட்டும் தடுத்துவிட்டு, தெளிவாகச் சொன்னோம் என்கிறார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, 'எதுவும் கூடாது' என்று முடித்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவிடம் காட்டினேன். அவருக்கு மதுரைப் பக்கம்.

"நீராகாரம் போடலையே" என்றார்.

"கஞ்சி போட்டிருக்கேனே அக்கா."

"நீராகாரம் எப்படிம்மா கஞ்சியாகும்? அது தண்ணிதேன்."

இந்த டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டமும் இருக்கிறது. சேலத்துக்காரர் இதற்கு ஒரு பெயர் சொல்வார், நாகர்கோவில்காரர் ஒன்று. பட்டியலைக் கிழித்துவிட்டு, 'வாய்க்குள் எதுவும் போகக் கூடாது' என்று ஒரே வரியாக எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"கோயில் தீர்த்தம்?"

"கூடாது."

"உள்ளங்கையில ஊத்துற ஒரு சொட்டுடி."

"ஒரு சொட்டும் கூடாதும்மா."

"பல்லு வெளக்கலாமா? வெளக்காமப் போயி பல்லு டாக்டருகிட்ட வாயத் தொறக்கிறதா?"

அது நியாயமான கேள்வி. விளக்கலாம், விழுங்கக் கூடாது என்று சேர்த்தேன்.

"அப்ப பிரஷர் மாத்திரை?" என்றாள். "அத வெடிகாலம் கூழு குடிச்சிட்டுத்தான போடுறேன்."

பேனா நின்றுவிட்டது. மூன்று நாள் படித்ததில் இதற்குப் பதில் இருந்ததா என்று நினைவில்லை. மாத்திரையை விட்டால் ரத்த அழுத்தம் ஏறிவிடும், அதைக் காட்டியே மறுபடி திருப்பி அனுப்புவார்கள். போட்டால் தண்ணீர் வேண்டும். எத்தனை மடக்கு, எத்தனை மணிக்கு? கிளினிக்கின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாத்திரை என்ற சொல்லே அதில் இல்லை. எட்டு ஆங்கில வரிகளிலும் இல்லை.

இன்று செவ்வாய். வீக்கம் கோட்டைத் தாண்டவில்லை. நாளை காலை கிளினிக் திறந்ததும் ஃபோன் செய்யப்போகிறேன். அந்த வரவேற்பு மேசைப் பெண்தான் எடுப்பார். மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள் என்பார். வழக்கம் என்றால் கூழோடு என்று சொல்வேன். மயக்க மருந்து டாக்டரின் வாயால் கேட்காமல் ஃபோனை வைக்க மாட்டேன் என்பேன். அவர் வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடுவேன். மதியத்துக்குள் பதில் வரவில்லையென்றால், இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்து நேரே போய் அந்த மேசை முன்னால் நிற்பேன்.