பயில்வானும் புல் தேர்வுக் குழுவும்

எங்கள் அலுவலகத் தோட்டக்காரருக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் ஒல்லி. குனிந்தால் முதுகெலும்பைச் சட்டைக்கு மேலேயே எண்ணிவிடலாம். ஒருநாள் புல்வெளி ஓரத்தில் ரப்பர் குழாய் காலில் மாட்டி விழுந்தார். "புல்தடுக்கிப் பயில்வான்" என்றேன். நாளடைவில் முன்பாதி உதிர்ந்து, பயில்வான் மட்டும் தங்கிவிட்டது. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. புல்லைப் பற்றித் தெரியாமல் பேசினால்தான் அவருக்குக் கோபம் வரும்.

இருபத்தாறு வருடமாக அவர் செய்த வேலை இரண்டுதான். வேண்டிய புல்லுக்குத் தண்ணீர் விடுவார், வேண்டாத புல்லைப் பிடுங்குவார். வேலை செய்யாமல் யாராவது மாட்டிக்கொண்டால் மேலாளர், "காலையிலேர்ந்து என்ன புல்லு புடுங்கிட்டு இருந்தீங்களா?" என்று கத்துவார். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதர் மெய்யாகவே அதைச் செய்துகொண்டிருப்பார். அந்த வளாகத்தில் ஒழுங்காக வேலை நடந்த இடம் அது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

எங்கள் வேலை தராசு. கடைக்காரர்கள் கொண்டுவரும் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்போம். ஒரு கிராம் பிசகினாலும் விடமாட்டோம். நான் அங்கே தலைமை எழுத்தர். கூட்டம் நடந்தால் மினிட்ஸ் எழுதுவது என் பொறுப்பு. கூட்டத்தில் நடந்ததை எழுதுவதல்ல மினிட்ஸ், நடந்திருக்க வேண்டியதை எழுதுவது. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

இரண்டு வருடம் சரியாக மழை இல்லை. புல்வெளியை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் அலங்காரப் புல் நட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நர்சரிக்காரர் மூன்று தொட்டிகளுடன் வந்து இறங்கினார். ஒன்று மேலாளரின் மனைவிக்குப் பிடித்துவிட்டதால் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் இரண்டு. சாம்பல் நீலத்தில் உருண்டையாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றதற்கு முள்ளம்பன்றி என்றும், ஊதா நிறத்தில் பட்டுக் கதிர் நீட்டி ஆடியதற்குப் பூனைவால் என்றும் நாங்களே பெயர் வைத்தோம்.

"ரெண்டுமே தண்ணி கேக்காது சார். நட்டுட்டு மறந்துடலாம். ஆளே தேவையில்ல" என்றார் நர்சரிக்காரர்.

மேலாளருக்குக் கடைசி இரண்டு சொற்கள் மிகவும் பிடித்துப்போயின. மறுநாள் ஒரு குறிப்பு டைப் செய்ய என் மேசைக்கு வந்தது. புதிய புல் நட்டபின் தோட்டக்காரர் பணியிடத்தை நீக்கிவிடலாம் என்று அதில் இருந்தது. பயில்வானுக்குப் பென்ஷன் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் பாக்கி. குறிப்பைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

அவர் முள்ளம்பன்றியைத் தொட்டியோடு கவிழ்த்து, வேரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் படித்துக் காட்டினேன். புல்லைத் தொட்டிக்குள் திரும்ப வைத்து மண்ணை அழுத்தினார்.

"நல்ல புல்லு சார் இது" என்றார் பிறகு. "யாரும் திரும்பிப் பாக்கலேன்னாலும் பொழச்சுக்கும். பாத்துப் பாத்து தண்ணி ஊத்தினாதான் செத்துப்போகும். வேர் அழுகிடும்."

"தண்ணி ஊத்தினா சாகுமா?"

"ஆமா சார். ஆனா அந்த இன்னொண்ணு இருக்கே..."

இன்னொன்றைப் பற்றி அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் மூளை அதற்குள் பறக்க ஆரம்பித்துவிட்டது. அரைகுறையாகக் கேட்டதை வைத்து முழுசாகத் திட்டம் போடுவது எனக்குப் பழக்கம்.

ஐந்து பேர் கொண்ட புல் தேர்வுக் குழு கூடியது. புல்லைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அதில் இல்லை. அளவைத் துறைக்கு அழகு சோதனைதானே? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, அறுபது நாள் சொட்டுத் தண்ணீர் விடாமல் பார்ப்பது, பிழைத்ததை வளாகம் முழுக்க நடுவது, இரண்டுமே செத்தால் யோசனையையே கைவிடுவது என்று முடிவாயிற்று. பயில்வான் பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டுவிடக் கூடாது என்று தோட்டக் குழாயை மூடி, தராசுக்கு வைக்கும் ஈய முத்திரையை அதற்கும் வைத்தோம்.

குழாய்க்குத்தான் முத்திரை, என் தண்ணீர்ப் பாட்டிலுக்கு இல்லை. தினமும் மதியம் டிபன் பாக்ஸ் கழுவப் போகிற சாக்கில் இரண்டு புல்லுக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் ஊற்றினேன். இரண்டையும் தண்ணீரிலேயே கொன்றுவிட்டால் பழைய புல்வெளிக்கே திரும்புவார்கள், பயில்வானின் வேலையும் தப்பும். அலுவலகம் முழுவதற்கும் தண்ணி காட்டுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பயில்வானுக்கு அந்த அறுபது நாளும் வேலை கிடையாது. ஃபைல் தூக்கினார், காற்றாடியைத் துடைத்தார். அதே அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவி, "புல்லானாலும் புருஷன்னு சும்மாவா சொன்னாங்க? பாத்திக்குக் காவல் இருக்கிறதைப் பாருங்க" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். தினமும் காலையில் பயில்வான் பாத்தியருகே குந்தி, மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். விரலைப் பேண்டில் துடைத்துக்கொள்வார். ஓரிரு முறை என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் முள்ளம்பன்றி நடுவில் கறுத்தது. ஐம்பதாம் நாள் பொத்தென்று சரிந்தது. பூனைவால் சாகவில்லை. அது தண்ணீருக்கு ஏங்குகிற புல் என்பதைத்தான் அன்று நான் காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். என் இடுப்பளவு வளர்ந்து, பதினாறு கதிர் விட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் தடவிக் கொடுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையை நான் பிறருக்குச் சொல்லித்தான் பழக்கம்.

அறுபத்தோராம் நாள் குழு பாத்தியருகே நின்றபடியே கூடியது. முத்திரை உடையாமல் இருப்பதை இரண்டு ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். பூனைவாலைப் போல வறட்சி தாங்கும் புல் உலகத்திலேயே இல்லை என்று அறிவியல் பூர்வமாக நிரூபணமாயிற்று. நர்சரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, கதிர் காய்ந்தால் மாதாமாதம் வெட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார்.

"அப்ப தோட்டக்காரர் இருக்கட்டும்" என்றார் மேலாளர் தாராளமாக. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் மேலாளர் பேச்சுக்கு ஒன்று கேட்டு வைத்தார். "என்னப்பா பயில்வான், நீ என்ன சொல்ற? எது நல்ல புல்லு?"

பயில்வான் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார்.

"செத்ததுதான் சார் நல்ல புல்லு" என்றார்.

ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மனுஷங்களும் அப்படித்தான்பா, செத்தப்புறம் எல்லாருமே நல்லவங்க!" என்றார் மேலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வேன் என்று சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மாலையில் மினிட்ஸில் கையெழுத்து வாங்கப் பயில்வானைக் கூப்பிட்டேன். யார் வைத்த காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், அன்று விரலை வரிவரியாக ஓட்டிப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'தோட்டக்காரர் ஆமோதித்தார்.' அப்படின்னா?"

"சரின்னு சொன்னீங்கன்னு அர்த்தம் அண்ணே."

"நான் சொல்லலியே."

"மாத்தி எழுதட்டுமா?" என்றேன். கேட்ட விதத்திலேயே என் அயோக்கியத்தனம் இருந்தது. மாற்றினால் சோதனையை மறுபடி நடத்த வேண்டும், முள்ளம்பன்றி ஜெயிக்கும், அவர் வேலை போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"மொத வாரமே தெரியும் சார். மண்ணைத் தொட்டா தெரியாதா? பென்ஷனை நெனச்சு நானும் கண்டுக்காம இருந்துட்டேன். யாரும் கேக்காம இருந்திருந்தா கடைசி வரைக்கும் சும்மாவே இருந்திருப்பேன்." பேனாவை வாங்கிக்கொண்டார். "இருபத்தாறு வருஷத்துல புல்லைப் பத்தி என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டுட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல."

அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"வேலையக் காப்பாத்திக் குடுத்தீங்க, பெரிய உபகாரம். இன்னும் ஒரே ஒரு உதவி பண்ணுங்க சார்" என்றார். "இனிமே என்னை எதுவும் கேக்க வேணாம்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."