அக்காவின் நார்த்தங்காயும் நான்கு ஈரப் புட்டிகளும்

உணவு மாதிரி எடுக்கும் புட்டிகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு விதி. எங்கள் அக்கா இந்த விதியைப் படித்தவர் அல்லர். ஆனால் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், வாழ்நாளில் ஒரு தடவைகூட இதை மீறியதில்லை. படித்தவன் நான். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள், விதிகளைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கினேன். இந்த விதியைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே நாளில் வேறொரு விதியைச் சொன்னேன். நினைவு மலரில் இதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்கலாம். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினால் அக்கா ஒப்பமாட்டார்.

அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் வாழை போட்டவர். பத்தொன்பது வயதில் அக்கா சேரன்மகாதேவிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். அத்தான் காலமானபோது அவர் கையில் இரண்டு பெண் குழந்தைகளும், சாலையோரத்தில் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. அந்த ஆண்டு காற்றில் வாழைகள் சாய்ந்து, பழம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஊரெல்லாம் மாட்டுக்குப் போட்ட பழத்தை அக்கா சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிண்டினார். முதல் தடவை அடிபிடித்தது. இரண்டாம் தடவை கிண்டிய ஜாமில் ஒரு புட்டியை, பாபநாசத்துக்குக் குளிக்கப் போன ஒருவர் வாங்கிச் சென்றார். திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி இன்னும் இரண்டு கேட்டார். கடை பிறந்தது அப்படித்தான்.

பிறகு மாவடு, புளிமிளகாய், தேனில் ஊறிய நெல்லி, மோர் மிளகாய் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேல் நார்த்தங்காய். எண்ணெய் கிடையாது, உப்பும் வெயிலும் மட்டும். கழுவிய புட்டி இரண்டு நாள் மொட்டை மாடியில் காய்ந்தால்தான் உள்ளே வரும். மழை நாளில் பெரிய ஜாடியைத் திறக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையோடு வந்த சம்பந்தியம்மாளையே, "கைய நல்லாத் தொடச்சிட்டு அந்தப் பக்கம் போங்க மதினி" என்றவர். ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு புட்டியை வெள்ளைத் துணியால் வாய் கட்டி, அடுத்த ஆண்டுவரை பரணில் வைத்திருப்பார். நாளைக்கு யாராவது குறை சொன்னால், தான் கொடுத்தது என்னவென்று தனக்குத் தெரிய வேண்டும் என்பார். எந்தச் சட்டமும் அவரை அப்படி வைக்கச் சொல்லவில்லை.

இரண்டு பெண்களையும் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியது இந்தக் கடைதான். அவருக்கு வலக்கையாக மைமூன் இருபது ஆண்டுகள் உடனிருந்தார்.

அக்கா காலமானதற்கு முந்தின ஆண்டு ஐப்பசி ஒன்பதாம் தேதி நான் தச்சநல்லூரிலிருந்து அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். காலையிலிருந்து தூறல். உணவுப் பாதுகாப்புத் துறை இளம் அதிகாரி ஒருவர் உதவியாளருடன் மாதிரி எடுக்க வந்தார். மரியாதையான பிள்ளை. உதவியாளர் பையிலிருந்து நான்கு புட்டிகளை எடுத்து, முற்றத்துக் குழாயில் அலசி, இரண்டு குலுக்குக் குலுக்கிக் கொண்டுவந்தார். அன்று மழை என்று பார்க்காமல் நார்த்தங்காய் ஜாடியைத் திறக்க வேண்டியதாயிற்று.

"தம்பி, புட்டி ஈரமா இருக்கு. துணி தாரேன், தொடச்சிக்கிடுங்க" என்றார் அக்கா.

"குலுக்கியாச்சும்மா. இன்னும் நாலு கடை பாக்கணும்" என்றார் அதிகாரி.

"குலுக்குனா காஞ்சிருமா? இதுல எண்ணெயே கெடையாது. ஈரம் பட்டா பூசணம் புடிச்சிரும்" என்று சொல்லி, ஜாடியின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் குறுக்கே புகுந்தேன். "எக்கா, கைய எடு. அதிகாரி வேலையத் தடுக்கது தனிக் குத்தம்."

"நீ பாத்தியாலே புட்டிய?"

"கைய எடுங்கேன்."

எடுத்துவிட்டார். ஒரே ஜாடியிலிருந்து நான்கு புட்டிகளும் நிரம்பின. அச்சிட்ட படிவத்தில் 'சுத்தமான, உலர்ந்த புட்டிகளில்' என்ற வரி முன்பே இருந்தது. அக்காவைக் கையெழுத்திடச் சொன்னேன். சாட்சியாக நானும் கையெழுத்திட்டு, என் பழைய பதவியையும் கீழே எழுதினேன். தேதியில் இருந்த ஒரு தவற்றைத் திருத்தி அதிகாரியிடம் சுருக்கொப்பம்கூட வாங்கினேன். நடைமுறையில் ஒரு குறை இல்லை.

பதினான்கு நாளில் வர வேண்டிய ஆய்வறிக்கை கார்த்திகை கடைசியில் வந்தது. பூஞ்சை உள்ளது, உண்ணப் பாதுகாப்பற்றது. கடைக்கு விற்பனைத் தடை. சேதி எங்களுக்கு முன்பே சாலையில் போய்விட்டது. வழக்கமாக நிற்கும் வண்டிகள் நிற்கவில்லை. "நேத்து வர வாங்கித் தின்னவங்கதான்க்கா, இப்பம் இந்தப் பக்கம் முகத்தத் திருப்பாமப் போறாவ" என்று மைமூன் அழுதார். அக்கா அழவில்லை. "நான் பூசணம் வித்தவளாச் சாவ மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மேல்முறையீடு நான்தான் எழுதினேன். பதினோரு பக்கம். அறிக்கை தாமதம், அறிவிப்பு அனுப்பிய முறை, உத்தரவில் எண் குறிப்பிடாதது என ஒன்பது காரணங்கள் காட்டினேன். முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்ட அக்கா, "எல்லாம் இருக்கு. புட்டி எங்கலே?" என்றார்.

"அது வேண்டாம் எக்கா. காஞ்ச புட்டின்னு நாமளே கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"நீ போடுன்னே, போட்டேன். ஒன்னயக் கேக்கேன், நீ பாத்தியா இல்லையா?"

"பாக்கலாம்" என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக மனுதாரர்களிடம் நான் சொல்லிவந்த சொல் அது. என் தவற்றை என் கையாலேயே எழுதிக் கொடுப்பதில்லை என்பது என் பணிக்கால ஒழுக்கம். ஓய்வுக்குப் பிறகும் அதைக் கைவிடவில்லை.

அதன்பின் அக்கா என்னை ஊறுகாய் அறைக்குள் விடவில்லை. "ஒன் கை இன்னும் காயல" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். சாப்பாடு போட்டார், பேத்தி பேச்செல்லாம் பேசினார். கிளம்பும்போது மட்டும், "பாத்தியாலே?" என்பார். நான் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்பேன்.

மேல்முறையீட்டின் பேரில் வேறு ஆய்வகத்துக்குப் போன மற்றொரு புட்டியின் அறிக்கை பங்குனியில் வந்தது. அதிலும் பூஞ்சை. நான்கும் ஒரே குழாயில் அலசியவை. வேறு என்ன வரும்? என் ஒன்பது காரணங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. திங்கட்கிழமைதோறும் அலுவலகம் போனேன். கோப்பு மேசையில் இருக்கிறது, மேலே போயிருக்கிறது, திரும்பி வந்திருக்கிறது. இந்தப் பதில்களையெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன் என்பதால் கோபப்படக்கூட உரிமை இல்லை.

ஆனியில் அக்காவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. பாளையங்கோட்டை மருத்துவமனையில் சேர்த்தோம். இருதயம் தளர்ந்துவிட்டது, மாதக் கணக்கு சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அக்காவிடம் நாள் இல்லை, கோப்போ நகரவில்லை. அதை நகர்த்தக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்று. அதை எழுதக்கூடியவனும் ஒருவன்தான். ஆடி பதினேழாம் தேதி அதை எழுதிக்கொண்டு போய் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "ஐயா, சாட்சி போட்டதும் நீங்க, இல்லங்கதும் நீங்களா? ஒங்க மேலயே வருமே?"

"வரட்டும்" என்றேன்.

ஆவணியில் அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் இலையின் மூலையில் வைத்த நார்த்தங்காயை நினைவில் வைத்திருப்பீர்கள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அதிகாரி மாதிரி எடுத்த அதே ஜாடியிலிருந்து எடுத்து, பரணில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்த புட்டி அது. துணியை மைமூன்தான் அவிழ்த்தார். ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. இலையில் நடந்த இந்த ஆய்வுக்கு விதியில் இடமில்லை.

அலுவலக உத்தரவு ஐப்பசியில், அக்காவின் பெயருக்குப் பதிவுத் தபாலில் வந்தது. மாதிரி எடுத்த முறை விதிப்படி அமையாததால் அறிக்கைகள் ஏற்கத்தக்கவை அல்ல, தடை நீக்கப்படுகிறது. என்னிடம் விளக்கம் கேட்டுத் தனியாக ஒரு கடிதமும் வந்தது. அதற்கு உரிய நாளுக்குள் பதில் கொடுத்தேன். இப்போது மூத்த மகளும் மைமூனும் கடையைத் திறந்திருக்கிறார்கள்.

மருத்துவமனையில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தடை இருந்த பத்து மாதமும் சம்பளம் கேட்காமல் ஜாடிகளை வெயிலில் எடுத்து வைத்த மைமூனுக்கும், எங்களோடு நின்ற பக்கத்துக் கடை அண்ணாச்சிமாருக்கும், வண்டியை மறுபடி நிறுத்தத் தொடங்கிய வாடிக்கையாளர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. நான் எழுதிக்கொடுத்ததை அலுவலகம் விசாரித்தபோது மறைக்காமல் 'ஆம்' என்று எழுதிய அந்த இளம் அதிகாரிக்கும் நன்றி. நான் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டதை அவர் ஒரே நாளில் செய்தார்.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். காகிதத்தைக் கொடுத்த மறுநாள் காலை அதன் நகலோடு மருத்துவமனைக்குப் போனேன். "எக்கா, ஒண்ணு படிச்சுக் காட்டட்டுமா?"

"சுருக்கமாப் படி. ஒம் பதினோரு பக்கம் கேக்க எனக்கு மூச்சில்ல."

படித்தேன். 'புட்டிகள் உள்ளே ஈரமாக இருந்தன. நான் கண்ணால் பார்த்தேன். என் அக்கா தடுத்தார். அவர் வாயை அடைத்தவனும், உலர்ந்த புட்டி என்று சாட்சிக் கையெழுத்திட்டவனும் நானே.'

"நாலும்னு எழுதுனியா?"

"எழுதல."

"எழுது."

அவர் கண்ணெதிரிலேயே நகலில் 'நான்கும்' என்று சேர்த்தேன். பிறகு அக்கா, "அந்தப் பயலுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா? நாலு கடை பாக்கணும்னு ஓடுனான், பாவம்" என்றார்.

"அவனுக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் வரும்."

"ஒனக்கு வரட்டும்" என்று சிரித்தார். "இந்த ரெண்டு வரிக்கு ஒம்பது மாசமாலே? பிள்ளையே பொறந்திருக்கும்."

'நீ பாத்தியாலே புட்டிய?' என்று அக்கா கேட்டது ஐப்பசி ஒன்பதாம் தேதி. பதில் அவருக்குக் கிடைத்தது ஆடி பதினெட்டாம் தேதி.