பட்டியலில் சேராத வேலை

கோஷிட்சே நகரில் ஒரு மென்பொருள் கம்பெனி. பதினொரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் லுட்மிலாவுக்கு ஒரே பிழைப்பு: மேசை மேசையாகப் போய், யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டுப் பட்டியல் எழுதி, புதிய பதிப்புக்கு எண் போடுவது.

“ஏதோ பண்ணேன்க்கா, யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்பான் அங்கே நிரல் எழுதும் ரடோவன்.

“உன் மூஞ்சி! போன வாரமும் இதையேதான் சொன்ன.”

அலுத்துப்போய் ஒரு மாதம் உட்கார்ந்து அவளே ஒரு நிரல் எழுதினாள். யாராக இருந்தாலும் மாற்றத்தைச் சேமிக்கும்போதே, அதோடு எழுதும் குறிப்பின் தலையில் ‘புதுசு’, ‘திருத்தம்’, ‘சில்லறை’ என்று ஒரு சொல் போட்டாக வேண்டும். அதைப் பார்த்து நிரலே எண்ணைக் கூட்டும், பட்டியலும் எழுதும். சில்லறை வேலைகளை வாடிக்கையாளர் எவரும் படிக்கப்போவதில்லை என்று அவற்றை மட்டும் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட நிரலுக்குச் சொல்லியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. காபி ஆறுவதற்குள் பட்டியல் வந்து நின்றது.

“என் பேரு மூணு இடத்துல இருக்குக்கா!” என்று இளித்த ரடோவன், மறுபடி எட்டிப் பார்த்தான். “உன் பேரையே காணோமே?”

“இந்த நிரலைச் சில்லறைன்னு போட்டேன்.”

“ஒரு மாச வேலையையா? மாத்திப் போடுக்கா.”

“எதுக்கு?” என்றாள் லுட்மிலா. “பதினொரு வருஷமும் நான் பண்ணது அதானே.”